அமெரிக்கக் காலனிகளில் குடியேறிய ஹியூகனாட் குடும்பங்களின் பூர்வீகம் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹியூகனாட் மூதாதையரைத் தேடுகிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். பெரும்பாலான தேடல்கள் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன. அமெரிக்காவில் ஒரு பெயர் கிடைத்ததும் அதை எடுத்துக்கொண்டு நேராகப் பிரான்ஸில் போய்த் தேடுகிறார்கள். நடுவில் அந்தக் குடும்பம் தங்கிய ஊர்களும், கூடவே வந்த மனிதர்களும் விட்டுப்போகின்றன. விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஹியூகனாட் என்றால் யார்? பிரான்ஸிலிருந்து வந்த எல்லாருமா?

இல்லை. பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினின் போதனையைப் பின்பற்றிய பிரெஞ்சுச் சீர்திருத்தச் சபையினர்தான் ஹியூகனாட்கள். 1598இல் பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி நாந்த் நகரில் வெளியிட்ட ஆணை அவர்களுக்கு ஓரளவு வழிபாட்டு உரிமை தந்தது. 1685 அக்டோபரில் பதினான்காம் லூயி அதை ரத்து செய்தார். போதகர்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும், மற்றவர்கள் வெளியேறவே கூடாது என்பது புதிய சட்டம். தப்பிக்கும்போது பிடிபட்ட ஆண்கள் துடுப்புக் கப்பல்களில் கைதிகளாகக் கட்டப்பட்டார்கள், பெண்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அப்படியிருந்தும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள்.

அவர்களில் மிகப் பெரும்பாலோர் நெதர்லாந்து, இங்கிலாந்து, ஜெர்மானியச் சிற்றரசுகள், சுவிட்சர்லாந்து ஆகிய இடங்களிலேயே தங்கிவிட்டார்கள். 1700 வாக்கில் அமெரிக்கக் காலனிகளுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பழைய குடும்ப நூல்களில் பல்லாயிரம் என்று படித்தால் நம்ப வேண்டாம். எண்ணிக்கை சிறியதாக இருப்பது தேடுகிறவருக்கு நன்மைதான், ஏனென்றால் இவர்களில் பலர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

எங்கள் வீட்டுப் பெயர் பிரெஞ்சுப் பெயர். அப்படியானால் நாங்கள் ஹியூகனாட் வம்சம்தானே?

பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. 1755இல் அகாடியாவிலிருந்து (இன்றைய கனடாவின் கிழக்குக் கரைப் பகுதி) நாடு கடத்தப்பட்டு மாசச்சூசெட்ஸ் முதல் ஜார்ஜியா வரை இறக்கிவிடப்பட்டவர்கள் கத்தோலிக்கர்கள். கனடாவிலிருந்து இறங்கி வந்த பிரெஞ்சுக் குடும்பங்களும், 1790களில் செயின்ட் டொமிங்குவிலிருந்து (இன்றைய ஹெய்தி) ஓடிவந்தவர்களில் பெரும்பாலோரும் அப்படியே. ஜெர்சி தீவிலிருந்து மாசச்சூசெட்ஸின் சேலம் நகருக்கு வந்தவர்கள் பிரெஞ்சு பேசினாலும் ஆங்கிலேய அரசரின் குடிகள்.

வாலூன்கள் என்று இன்னொரு கூட்டம் உண்டு. இன்றைய பெல்ஜியத்தின் தென்பகுதியிலும் பிரான்ஸின் வட எல்லையிலும் வாழ்ந்த, பிரெஞ்சு பேசிய சீர்திருத்தச் சபையினர் இவர்கள். ஸ்பெயின் ஆட்சிக்கு அஞ்சி நெதர்லாந்துக்குப் போய், 1624இலேயே நியூ நெதர்லாந்தில் (பின்னாளில் நியூயார்க் ஆன டச்சுக் காலனி) குடியேறினார்கள். 1621இல் பிளிமத் வந்த பிலிப் த லா நோய் லெய்டன் நகரின் வாலூன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். டெலனோ குடும்பம் அவர் வழி வந்தது. வாலூன்களை ஹியூகனாட்களோடு சேர்த்துப் பேசுவது வழக்கம்தான். ஆனால் ஆவணங்களைத் தேட வேண்டிய நாடு வேறு.

எங்கிருந்து தொடங்குவது?

உங்களிடமிருந்து. உறுதியாகத் தெரிந்த கடைசித் தலைமுறையிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு படியிலும் இன்னாருடைய மகன் இன்னார் என்று சொல்லும் ஆவணம் ஒன்றாவது வேண்டும். 1850 முதலான மக்கள்தொகைக் கணக்கில் வீட்டிலுள்ள எல்லார் பெயரும் (அடிமைகள் நீங்கலாக) இருக்கும். 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயரும் தலை எண்ணிக்கையும் மட்டுமே. அதற்கு முன்னே போனால் உயில், நிலப் பத்திரம், சபைப் பதிவேடு ஆகிய மூன்றும்தான் கைகொடுக்கும்.

1750க்கும் 1820க்கும் இடைப்பட்ட காலத்தில்தான் பல வம்சாவளிகள் அறுந்துபோகின்றன. புரட்சிப் போர் முடிந்ததும் குடும்பங்கள் கென்டக்கி, டென்னசி, ஒஹையோ என்று மேற்கே நகர்ந்தன. அந்த இடைவெளியைப் பெயர் ஒற்றுமையால் தாண்டிவிட்டு 1685க்குக் குதித்தால், யாரோ ஒருவருடைய மூதாதையரைப் பல மாதங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அவர்கள் எங்கெங்கே குடியேறினார்கள்? ஊரை வைத்து ஏதாவது ஊகிக்க முடியுமா?

நிறையவே ஊகிக்கலாம். ஒவ்வொரு குடியிருப்பும் வேறு வழியாக, வேறு காலத்தில் வந்தவர்களுடையது.

நியூயார்க்கின் நியூ பால்ட்ஸ் 1677இல் ஆளுநர் ஆண்ட்ரோஸ் 12 பேருக்குக் கொடுத்த நில மானியத்தில் உருவானது. டுபோய்ஸ், ஹாஸ்ப்ரூக், டேயோ, லெஃபீவர், பெவியர், கிரிஸ்பெல், ஃப்ரீயர் என்று ஏழு குடும்பப் பெயர்கள். இவர்கள் 1685இன் அகதிகள் அல்ல. வட பிரான்ஸ், தென் நெதர்லாந்து (இன்றைய பெல்ஜியம்) எல்லைப் பகுதியிலிருந்து ஜெர்மனியின் பஃபால்ஸ் (பாலட்டினேட்) நாட்டுக்குப் போய், அங்கிருந்து 1660 முதல் 1670கள் வரை வந்தவர்கள். லூயி டுபோய்ஸ் லில் நகருக்கு அருகிலுள்ள விக்ர் என்ற ஊரைச் சேர்ந்தவர். அவருக்கும் கேத்தரின் பிளாஞ்சானுக்கும் மான்ஹைம் பிரெஞ்சுச் சபையில் 1655 அக்டோபர் 10 அன்று திருமணம் நடந்தது. இந்தக் குடும்பங்களைத் தேடுகிறவர் 1685இன் தென் பிரான்ஸ் ஆவணங்களைப் புரட்டினால் ஒன்றும் கிடைக்காது.

நியூ ரோஷெல் அப்படியல்ல. லா ரோஷெல் துறைமுகத்திலிருந்தும் அதைச் சுற்றிய மேற்குக் கரைப் பகுதியிலிருந்தும் 1685ஐ ஒட்டி வெளியேறியவர்கள் பலர் அங்கே சேர்ந்தார்கள். 1689இல் ஜான் பெல் அவர்களுக்காக 6,000 ஏக்கர் விற்று, சபைக்கென்று 100 ஏக்கரைத் தனியே கொடுத்தார். ஆண்டுதோறும் ஜூன் 24 அன்று, கேட்டால் ஒரு கொழுத்த கன்று கொடுக்க வேண்டும் என்பது பத்திரத்தில் உள்ள நிபந்தனை. இவ்வூருக்கு 1698, 1710 ஆண்டுகளின் குடிப்பட்டியல்கள் வயதோடு கிடைப்பது பெரிய வசதி.

தென் கரோலினாவுக்கு 1680இல் ரிச்மண்ட் கப்பல் முதல் கூட்டத்தைக் கொண்டுவந்தது. சார்ல்ஸ்டன், சாண்டி ஆற்றங்கரை, ஆரஞ்ச் குவார்ட்டர், கூஸ் கிரீக் ஆகியவை அவர்களுடைய இடங்கள். வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றின் அருவிகளுக்கு மேலே இருந்த மானகின்டவுனுக்கு 1700, 1701இல் லண்டனிலிருந்து கப்பல்கள் வந்தன. மாசச்சூசெட்ஸின் ஆக்ஸ்ஃபர்டும் ரோட் தீவின் ஃப்ரெஞ்ச்டவுனும் சில ஆண்டுகளில் கலைந்துவிட்டன. அங்கே இருந்தவர்களைப் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் தொடர்ந்து தேடுங்கள்.

அவர்கள் வந்த கப்பலின் பயணிகள் பட்டியல் எங்கே கிடைக்கும்?

பெரும்பாலும் கிடைக்காது. வந்திறங்கும் பயணிகளைப் பட்டியலிட வேண்டும் என்ற சட்டம் 1820இல்தான் நடைமுறைக்கு வந்தது. மானகின்டவுன் குடியேற்றம் ஒரு விதிவிலக்கு. லண்டன் உதவி நிதியிலிருந்து செலவு செய்யப்பட்டதால் 'மேரி அண்ட் ஆன்', 'பீட்டர் அண்ட் ஆண்டனி', 'நசாவ்' ஆகிய கப்பல்களில் வந்தவர்களின் பெயர்கள் கிடைக்கின்றன. பட்டியலில் பெயர் இருப்பவர் எல்லாரும் மானகின்டவுனில் தங்கினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கணிசமானோர் வந்த வேகத்திலேயே வேறு இடம் போனார்கள். போதகர் ரிஷ்பூரும் ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு வட கரோலினாவுக்கும், பிறகு சாண்டிக்கும் போய்விட்டார்.

ஒரே ஆள் ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு பெயரில் இருக்கிறார். எது சரியான பெயர்?

எல்லாமே சரிதான். காதில் விழுந்ததை எழுதியவர் டச்சுக்காரரா, ஆங்கிலேயரா என்பதைப் பொறுத்து எழுத்து மாறும். டுவாயோ என்பது டேயோ ஆனது. சிகார் என்பது சீக்கோர், ஜெர்னோ என்பது கானோ, ஃபூகே என்பது ஃபியூக்வா, சோப்லே என்பது சப்லெட். பாஸ்டன் பொற்கொல்லர் பால் ரிவியரின் தந்தை, போர்தோ அருகே பிறந்த அபோலோஸ் ரிவுவார். சிறுவனாக வந்து தொழில் பழகி, வாடிக்கையாளர் வாயில் நுழையும்படி தன் பெயரை மாற்றிக்கொண்டார்.

பெயரின் முன்னே வரும் த, லா, லெ, டு ஆகியவை சில வேளை ஒட்டிக்கொள்ளும், சில வேளை உதிர்ந்துவிடும். அகரவரிசைச் சுட்டியில் தேடும்போது இரண்டு இடத்திலும் பாருங்கள். உச்சரிப்பும் ஏமாற்றும். தென் கரோலினாவில் ஹியூஜர் என்று எழுதுகிற பெயரை யூஜீ என்றும், லெகாரே என்று எழுதுவதை லெக்ரீ என்றும் சொல்வார்கள். ஆகவே ஆங்கில எழுத்தரின் பதிவில் அந்த ஒலிக்கேற்ற எழுத்தையும் தேட வேண்டும். ஒரு தாளில் இதுவரை கண்ட எல்லா வடிவங்களையும் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதிய பதிவேட்டிலும் அத்தனையையும் தேடுவதுதான் வழி. கணினித் தேடலில் முதலெழுத்து மாறினால் ஒலிக்குறியீட்டு முறைகள் பெயரைத் தவறவிடும். இதற்கு மனிதக் கண்தான் வேண்டும்.

பிரெஞ்சுச் சபையின் பதிவேடு இல்லை என்கிறார்கள். அப்புறம் எங்கே தேடுவது?

பக்கத்திலிருந்த வேறு சபையில். நியூயார்க் நகரின் பிரெஞ்சுச் சபைக்கு 1688 முதல் பதிவேடு இருக்கிறது, அச்சிலும் வந்துவிட்டது. ஆனால் பாஸ்டன், சார்ல்ஸ்டன் பிரெஞ்சுச் சபைகளின் ஆரம்பகாலப் பதிவேடுகள் இன்று இல்லை. நியூ பால்ட்ஸில் 1683இல் போதகர் பியேர் டேயே சபையை நிறுவும் வரை, அதற்குப் பிறகும் பலமுறை, மக்கள் கிங்ஸ்டன் டச்சுச் சபைக்குப் போனார்கள். அங்கே 1660 முதல் பதிவுகள் உள்ளன. நியூ பால்ட்ஸ் பதிவேடே முதலில் பிரெஞ்சிலும், பிறகு டச்சிலும், கடைசியில் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டது.

ஆங்கிலத் திருச்சபைக்குள் போனவர்களும் நிறைய. நியூ ரோஷெல் சபையின் பெரும்பகுதி 1709இல் போனது. தென் கரோலினாவில் 1706ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பிரெஞ்சுக் குடியிருப்புகள் ஆங்கிலத் திருச்சபையின் பாரிஷ்களாயின (பங்குகளாயின). மானகின்டவுனில் கிங் வில்லியம் பாரிஷின் குழுப் புத்தகம் 1707இல் தொடங்குகிறது. அதில் வரி கட்ட வேண்டியவர்களின் பட்டியல்கள் ஆண்டுதோறும் வரும். ஒரு பையன் பெயர் முதன்முறை அந்தப் பட்டியலில் ஏறினால் அவனுக்கு வயது 16 ஆகிவிட்டது என்று பொருள். ஞானஸ்நானப் பதிவு இல்லாத குடும்பத்தில் பிறந்த ஆண்டைக் கணக்கிட இதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது.

எந்த நீதிமன்றத்தில் உயிலையும் பத்திரத்தையும் கேட்பது?

இடம் மாறாவிட்டாலும் கவுண்டி (மாவட்டம்) மாறியிருக்கும். மானகின்டவுன் நிலங்கள் முதலில் ஹென்ரைகோ கவுண்டி. 1728இல் கூச்லாண்ட், 1749இல் கம்பர்லாண்டும் செஸ்டர்ஃபீல்டும், 1777இல் பௌஹாட்டன் என்று பிரிந்துகொண்டே வந்தன. ஒரே பண்ணையில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்கு மூன்று நான்கு கவுண்டிகளில் ஆவணம் இருக்கும். தென் கரோலினாவில் காலனிக் காலம் முழுவதும் உயில்கள் சார்ல்ஸ்டனிலேயே பதிவாயின. உள்ளூர் நீதிமன்றத்தில் தேடிப் பயனில்லை.

பதிவேடு பிரெஞ்சில் இருக்கிறது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது.

சுமார் முப்பது சொற்கள் போதும், ஏனென்றால் பதிவுகள் ஒரே வார்ப்பில் எழுதப்பட்டவை. மகன் ஃபிஸ், மகள் ஃபீய், மனைவி ஃபாம், கைம்பெண் வெவ், காலமானவர் ஃபே, ஞானத்தகப்பன் பாரென், ஞானத்தாய் மாரென். காலமானவர் என்ற சொல்லைத் தவறவிடாதீர்கள். தந்தையின் பெயருக்கு முன் அது வந்தால், அந்தத் தேதிக்கு முன்பே அவர் இறந்துவிட்டார் என்று ஒரு வரியில் தெரிந்துவிடும்.

மாதங்களில் ஒரு கண்ணி இருக்கிறது. 7 என்ற எண்ணை எழுதி அதன் பக்கத்தில் ப்ர என்ற ஒலிக்கான எழுத்துகளைச் சேர்த்திருந்தால் அது செப்டம்பர். ஜூலை அல்ல. அதேபோல 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர்.

ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தேதி வருகிறது. எதை எழுதுவது?

இரண்டு நாட்காட்டிகள் இருந்தன. பிரான்ஸ் 1582 டிசம்பரிலேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்தும் அதன் காலனிகளும் 1752 செப்டம்பரில்தான் மாறின. 1700 பிப்ரவரி இறுதி வரை 10 நாளும், அதன் பிறகு 11 நாளும் வித்தியாசம். ஹாலந்து 1583இலேயே மாறியிருந்ததால், டச்சு ஆட்சிக் கால நியூயார்க் பதிவுகளும் அதற்குப் பிந்திய ஆங்கில ஆட்சிப் பதிவுகளும் ஒரே ஊரிலேயே இடிக்கும்.

இன்னொன்று, ஆங்கில ஆண்டு மார்ச் 25 அன்றுதான் தொடங்கியது. 1696 பிப்ரவரி என்று ஆங்கிலப் பதிவில் இருந்தால் இன்றைய கணக்கில் அது 1697. திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததுபோலத் தோன்றும் பல சிக்கல்கள் இதனால் வருபவை. பால் ரிவியரின் ஞானஸ்நானம் பாஸ்டன் பதிவில் 1734 டிசம்பர் 22. புதிய கணக்கில் 1735 ஜனவரி 2. ஆவணத்தில் உள்ளதை அப்படியே எழுதி, 1696/7 என்று இரட்டை ஆண்டு போட்டு வையுங்கள். நீங்களாகத் திருத்தினால் அடுத்தவர் மறுபடியும் திருத்துவார்.

பாட்டிமார் வழி தேட முடிகிறதா? பெண்கள் பெயரே கிடைக்கவில்லையே.

இந்தத் தேடலில் பெண்கள் வழி எதிர்பார்ப்பதைவிட எளிது. பிரெஞ்சு, டச்சுப் பதிவுகளில் பெண் திருமணத்துக்குப் பிறகும் தந்தை வீட்டுப் பெயரிலேயே குறிக்கப்படுகிறாள். ஆங்கிலப் பதிவுக்கு வந்ததும் கணவர் பெயருக்கு மாறிவிடுவாள். இரண்டையும் ஒரே ஆள் என்று அடையாளம் காணாமல், ஒருவருக்கு இரண்டு மனைவிகள் இருந்ததாக எழுதிய மரங்கள் ஏராளம். கைம்பெண்ணின் மறுமணமும் அடிக்கடி நடந்தது. முதல் கணவரின் பிள்ளைகள் இரண்டாம் கணவரின் உயிலில் வருவார்கள்.

ஞானப்பெற்றோர் பெயரையெல்லாம் எதற்காகக் குறித்து வைக்கச் சொல்கிறீர்கள்?

ஞானஸ்நானத்துக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். தாத்தா, தாய்மாமன், அத்தை, அல்லது அதே ஊரிலிருந்து கூட வந்தவர். ஒரு தம்பதியின் எல்லாக் குழந்தைகளுக்கும் நின்றவர்களை வரிசையாக எழுதினால் தந்தை வழி, தாய் வழி இரண்டும் கண்முன் வரும். உயிலின் சாட்சிகள், சொத்து நிறைவேற்றுபவர்கள், எல்லை நிலத்துக்காரர்கள் ஆகியோரையும் இதே பட்டியலில் சேருங்கள்.

நீங்கள் தேடும் ஆளின் பிறந்த ஊர் எந்த ஆவணத்திலும் இல்லாமல் போகலாம். அவருடைய பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றவரின் ஊர் இருக்கும். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து தப்பித்து, சேர்ந்து குடியேறி, பிள்ளைகளைத் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொடுத்தார்கள். அந்த இரண்டாமவரின் ஊர்ப் பதிவேட்டில் உங்கள் ஆளின் பெயரைத் தேடினால் பல முறை கிடைக்கும்.

பிரான்ஸில் பிறந்த ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் எங்களுக்கு முடியவே இல்லை.

கடினமான படி இதுதான். ஊர் பெயர் இல்லாமல் பிரான்ஸுக்குள் போகக் கூடாது. அங்கே ஆவணங்கள் ஊர்வாரியாகவே அடுக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவிலேயே இருக்கும் சில ஆவணங்கள் ஊரைச் சொல்கின்றன. தென் கரோலினாவில் 1695, 1696ஐ ஒட்டி, குடியுரிமை கேட்ட பிரெஞ்சுக்காரர், சுவிஸ்காரர் பட்டியல் ஒன்று தயாரானது. பிறந்த ஊர், தாய் தந்தை பெயர், மனைவி, பிள்ளைகள் எல்லாம் அதில் உண்டு. இவ்வளவு தகவல் ஒரே இடத்தில் தரும் ஆவணம் மற்றக் காலனிகளுக்கு இல்லை. நியூயார்க் பிரெஞ்சுச் சபையின் திருமணப் பதிவுகளிலும் ஊர் பெயர் வருவதுண்டு. முதல் தலைமுறையின் உயிலில், பிரான்ஸில் விட்டுவந்த நிலம் என்றாவது மீட்கப்பட்டால் இன்னாருக்கு என்று ஒரு வரி இருக்கலாம். அந்த நிலத்தின் பெயரே உங்களுக்கு வேண்டிய ஊர்.

அடுத்தது நடுவில் தங்கிய நாடு. ஒரு சபையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நற்சான்றுக் கடிதம் எடுத்துச் செல்வது வழக்கம். லண்டன் த்ரெட்நீடில் தெரு பிரெஞ்சுச் சபை அந்தக் கடிதங்களைப் பதிந்து வைத்தது. இன்னார், இன்ன ஊர் சபையிலிருந்து வந்தார் என்று இருக்கும். பிரான்ஸில் வற்புறுத்தலால் கத்தோலிக்கராகி, லண்டனில் அதைப் பொதுவில் மறுத்துத் திரும்பச் சேர்ந்தவர்களின் பதிவுகளும் உண்டு. இவற்றை 1885இல் தொடங்கப்பட்ட லண்டன் ஹியூகனாட் சங்கம் அச்சிட்டிருக்கிறது. இங்கிலாந்தில் பெற்ற குடியுரிமைப் பட்டியல்களையும் அந்தச் சங்கமே வெளியிட்டது. நெதர்லாந்து வழி வந்தவர்களுக்கு, வாலூன் சபைப் பதிவுகளிலிருந்து எழுதப்பட்ட அட்டைத் தொகுப்பு ஹேக் நகரின் வம்சாவளி மையத்தில் இருக்கிறது. நியூ பால்ட்ஸ்காரர்களுக்கு மான்ஹைம்.

ஊர் கிடைத்துவிட்டது. பிரான்ஸில் என்ன ஆவணம் மிஞ்சியிருக்கும்?

முதலில் அந்த ஊர் இன்று எந்த டிபார்ட்மென்டில் (பிரான்ஸின் நிர்வாக மாவட்டம்) இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு டிபார்ட்மென்டுக்கும் ஓர் ஆவணக் காப்பகம் உண்டு. பெரும்பாலானவை பழைய பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. சீர்திருத்தச் சபையை அரசு ஆவணங்கள் 'சீர்திருத்தம் எனச் சொல்லிக்கொள்ளும் மதம்' என்று குறித்தன. பட்டியல்களில் அது ஆர்.பி.ஆர். என்ற சுருக்கமாக வரும். அதைத் தேடுங்கள்.

சபைகள் மூடப்பட்டபோது பல பதிவேடுகள் அரச நீதிமன்றங்களின் கைக்குப் போயின. அதனாலேயே பிழைத்தன. லா ரோஷெல் பதிவேடுகள் நல்ல நிலையில் உள்ளன. பாரிஸ் நகரத்தவர் வழிபட்ட ஷாரென்டோன் சபையின் பதிவேடுகள் 1871 தீயில் போய்விட்டன. அதற்கு முன் படியெடுக்கப்பட்ட பகுதிகளே மிச்சம். பதிவேடு இல்லாத ஊரில் நோட்டரிகளின் (பத்திரம் எழுதிப் பதிந்தவர்களின்) கட்டுகளைப் பாருங்கள். திருமண ஒப்பந்தம், பாகப் பிரிவினை, ஓடிப்போவதற்குச் சில வாரங்கள் முன் அவசரமாக நிலத்தை விற்ற கிரயப் பத்திரம் எல்லாம் அங்கே இருக்கும். ஓடிப்போனவர்களின் பறிமுதல் சொத்து விவரங்கள் பாரிஸ் தேசியக் காப்பகத்தில் டிடி (TT) என்ற வரிசையில் உள்ளன. பாரிஸில் 1852இல் நிறுவப்பட்ட பிரெஞ்சுப் புரோட்டஸ்டன்ட் வரலாற்றுச் சங்கத்தின் நூலகமும் உதவும்.

1685க்குப் பிறகு பிரான்ஸிலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பிகளைத் தேடலாமா?

தேடலாம், ஆனால் கத்தோலிக்கப் பதிவேட்டில். சட்டப்படி வேறு பதிவு கிடையாது என்பதால் ஞானஸ்நானமும் திருமணமும் அங்கேதான். மதம் மாறியவர்களின் பட்டியல்களில் ஒரு ஊரின் மொத்தக் குடும்பங்களும் வரும். 1740கள் முதல் தென் பிரான்ஸில் மறைவாக நடந்த சபைகள் தம் பதிவேடுகளை வைத்தன. கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்த 1787ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு, முன்பு மறைவாக நடந்த திருமணங்களைப் பலர் நீதிபதி முன் பதிந்தார்கள். ஒரே நாளில் முதிய தம்பதி தங்கள் திருமணத்தையும் வளர்ந்த பிள்ளைகளையும் பதிந்த பதிவுகள் அதில் உண்டு.

எங்கள் மூதாதையர் ஒரு பிரபு, வாளோடு தப்பித்து வந்தார் என்று அச்சிட்ட குடும்ப நூலே இருக்கிறது. அதை ஏன் நம்பக் கூடாது?

1880 முதல் 1930 வரை வந்த குடும்ப நூல்களில் பலவும், பணம் கொடுத்து எழுதச் சொன்னவர்களுக்குப் பிடித்தபடி எழுதப்பட்டவை. மூன்று அண்ணன் தம்பி ஒன்றாக வந்தார்கள், குழந்தையைப் பீப்பாயில் ஒளித்துக் கடத்தினார்கள், பட்டம் துறந்த கோமகன் என்பவை பத்துக் குடும்பங்களுக்கு ஒரே மாதிரி வரும். அகதிகளில் நெசவாளர், தோல் பதனிடுபவர், வணிகர், விவசாயிகள்தான் அதிகம். ஒரே குடும்பப் பெயர் உள்ள பிரபு வீட்டின் சின்னத்தை எடுத்து ஒட்டிக்கொள்வது எளிதாக இருந்தது.

நூலைத் தூக்கியெறிய வேண்டாம். அமெரிக்கத் தலைமுறைகள் பற்றி அது சொல்வது, அப்போது உயிரோடிருந்த பாட்டிகள் சொன்னதாக இருக்கலாம். கடல் தாண்டியதும் வரும் பக்கங்களை மட்டும் ஒவ்வொரு வரியாக ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். இணையத்திலுள்ள மரங்கள் பெரும்பாலும் இந்த நூல்களின் நகல்களே. நூறு மரங்களில் ஒரே செய்தி இருந்தாலும் அது ஒரு சாட்சிதான்.

ஒரே ஊரில் அதே பெயரில் மூன்று ஆப்ரஹாம்கள். யார் என் ஆள்?

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் நியூ பால்ட்ஸ் போன்ற ஊர்களில் இது தவிர்க்க முடியாதது. ஒவ்வொரு ஆவணத்தையும் தனித்தாளில் எழுதி, அதிலுள்ள மனைவி பெயர், நிலத்தின் எல்லை, தொழில், கையெழுத்தா கைநாட்டுக் குறியா என்பவற்றைக் குறியுங்கள். பிறகு தாள்களை ஆட்கள்வாரியாகப் பிரியுங்கள். நிலம்தான் மிக நம்பகமான அடையாளம். வாங்கிய நிலத்தை யார் விற்றார், யாருக்கு உயிலில் போனது என்று தொடர்ந்தால் ஆள் தெளிவாவார். மூத்தவர், இளையவர் என்ற அடைமொழி தந்தை மகனைக் குறிக்க வேண்டியதில்லை. சிற்றப்பாவும் அண்ணன் மகனும்கூட அப்படி அழைக்கப்பட்டார்கள். மூத்தவர் இறந்ததும் இளையவர் மூத்தவராகிவிடுவார்.

டி.என்.ஏ. சோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடாதா?

1670இல் பிறந்த ஒருவர் உங்களுக்கு ஏறத்தாழ பத்துத் தலைமுறை முந்தியவர். அந்தத் தலைமுறையில் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. சராசரியாக ஒருவரிடமிருந்து ஆயிரத்தில் ஒரு பங்குதான் வரும், பலரிடமிருந்து ஒன்றுமே வராது. சாதாரணச் சோதனை இங்கே எதையும் நிரூபிக்காது. தந்தை வழியில் மகன், மகன் என்று இறங்கும் ஒய் குரோமோசோம் சோதனை உதவும். ஒரே பெயர் கொண்ட இரண்டு கிளைகள் ஒரே வேரா என்று அதில் தெரியும்.

பிரான்ஸோடு ஒப்பிடுவதில் தடை உண்டு. அங்கே வம்சாவளிக்காக டி.என்.ஏ. சோதனை செய்வதே சட்டவிரோதம், 3,750 யூரோ அபராதம். அதனால் ஒப்பிடக் கிடைக்கும் பிரெஞ்சு மாதிரிகள் குறைவு.

ஹியூகனாட் சங்கத்தில் சேர என்ன நிரூபிக்க வேண்டும்?

நியூயார்க்கில் 1883இல் தொடங்கிய சங்கம், சார்ல்ஸ்டனில் 1885இல் தொடங்கிய சங்கம், மானகின் குடியேறிகளின் வாரிசுகள் சங்கம் என்று பல உள்ளன. விதிகள் சற்றே மாறும். பொதுவாக, மூதாதையர் 1787ஆம் ஆண்டு ஆணைக்கு முன் மத நம்பிக்கைக்காகப் பிரான்ஸைவிட்டு வெளியேறியவர் என்பதும், அவரிடமிருந்து உங்கள் வரை ஒவ்வொரு தலைமுறைத் தொடர்பும் ஆவணத்தால் நிற்க வேண்டும். இணைய மரத்தை ஏற்கமாட்டார்கள். உங்களுக்கு முன் அதே வழியில் யாராவது உறுப்பினராகியிருந்தால் அவருடைய விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்குங்கள், பாதி வேலை முடிந்திருக்கும். பழைய விண்ணப்பங்களில் இன்று ஏற்கப்படாத ஆதாரங்களும் உண்டு என்பதால் மறுபடி சரிபார்த்தே அனுப்புங்கள்.

வம்சாவளியை நிரூபித்தால் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்குமாமே?

ஒரு காலத்தில் கிடைத்தது. மதத்துக்காக வெளியேறியவர்களின் வாரிசுகள் திரும்பி வந்தால் பிரெஞ்சுக்காரர்களே என்று 1790 டிசம்பர் 15 சட்டம் சொன்னது. 1945இல் அது முடிவுக்கு வந்தது. இன்று அந்த வழி இல்லை.

நாங்கள் கறுப்பினக் குடும்பம். தென் கரோலினாவில் எங்கள் பெயர் ஹியூகனாட் பெயர். இந்தத் தேடல் எங்களுக்குப் பொருந்துமா?

பொருந்தும். துன்புறுத்தலிலிருந்து தப்பி வந்த இந்தக் குடும்பங்களில் பல, ஒன்றிரண்டு தலைமுறைக்குள் மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தன. சாண்டி, கூஸ் கிரீக் பண்ணைகள் அவர்களுடைய உழைப்பில் நின்றவை. இந்த உண்மையை விட்டுவிட்டு எழுதிய குடும்ப வரலாறு அரைகுறையானது.

தொடக்கம் முன்பு சொன்னதேதான், உங்களிடமிருந்து பின்னோக்கி. விடுதலை பெற்ற பெரும்பாலோரின் பெயர் முதன்முறை வரும் மக்கள்தொகைக் கணக்கு 1870. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் வயதும் பாலினமும் இருக்கும், பெயர் இருக்காது. நடுவில் ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் (விடுதலை பெற்றவர்களுக்காகத் தொடங்கிய வங்கி) சார்ல்ஸ்டன் கிளைக் கணக்குகளைப் பாருங்கள். கணக்கு தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தார், சில வேளை முன்னாள் உரிமையாளர் பெயரும் எழுதப்பட்டிருக்கும். குடும்பப் பெயர் கடைசி உரிமையாளருடையது என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். அதற்கும் முந்தைய உரிமையாளரின் பெயரைத் தக்கவைத்துக்கொண்டவர்கள் உண்டு. உரிமையாளர் யார் என்று உறுதியானதும் அவர் குடும்பத்தின் உயில், சொத்து மதிப்பீட்டுப் பட்டியல், அடமானப் பத்திரம், மகளுக்குக் கொடுத்த சீதனப் பத்திரம் எல்லாவற்றையும் எடுங்கள். மதிப்பீட்டுப் பட்டியலில் தாயும் பிள்ளைகளும் அடுத்தடுத்து வருவதுண்டு. இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டால்தான் குடும்பம் உறுதியாகும்.

நியூ பால்ட்ஸிலும் அடிமைகள் இருந்தார்கள். 1799ஆம் ஆண்டு நியூயார்க் சட்டம், அவ்வாண்டு ஜூலை 4க்குப் பின் அடிமைத் தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளை உரிமையாளர்கள் ஊர் எழுத்தரிடம் பதிய வேண்டும் என்றது. அந்த ஊரின் பதிவேடு பிழைத்திருக்கிறது. குழந்தையின் பெயர், பிறந்த நாள், உரிமையாளர் பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டு, அதே உரிமையாளரின் உயிலையும் சபைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.